நோயுதவியிலிருந்து அரச ஓய்வூதியத்துக்கு: லண்டன் வாடகை வீட்டில் ஒரு 66ஆவது வயது

## பின்னணி

இந்த ஆய்வுக்குரியவர் 1990களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்த ஒரு பெண்மணி. கணவரை இழந்தவர். வெளிப்புற லண்டனில் ஓர் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், தனியார் வாடகைக்கு, தனியாக வசிக்கிறார். துப்புரவு வேலையும் முதியோர் இல்ல வேலையுமாகப் பல ஆண்டுகள் உழைத்தவரை 2019இல் வந்த பக்கவாதம் வீட்டோடு நிறுத்திவிட்டது. இடது கை முழுதாகத் திரும்பவில்லை, ஞாபகமும் முன்போல் இல்லை. 2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் அவருக்கு அரச ஓய்வூதிய வயதான 66 நிறைய இருந்தது.

அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய சொந்தத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். அரசு நிர்ணயித்த தொகைகள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. அவரும் அவருடைய மகளும் இதை எழுதச் சம்மதித்திருக்கிறார்கள்.

2025 மே மாதம் அவர் எங்கள் சமூக நிலையத்தின் ஆலோசனைப் பிரிவுக்கு வந்தது ஓய்வூதியம் பற்றிக் கேட்க அல்ல, கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அனுப்பிய வரிக் கடிதம் ஒன்றைப் புரிந்துகொள்ள. பேச்சினிடையே பிறந்த தேதியைக் கேட்டபோதுதான் இன்னும் நான்கு மாதத்தில் எல்லாமே மாறப்போகிறது என்று தெரிந்தது. அதைச் சொன்னதும் அவர் சிரித்தார். "தம்பி, இப்போது காசு தருவதும் அரசாங்கம், பென்ஷன் தரப்போவதும் அதே அரசாங்கம். என் வயது அவர்களுக்குத் தெரியாதா?"

நியாயமான கேள்விதான். வயது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பிரிட்டனில் அரச ஓய்வூதியம் தானாக வருவதில்லை, கேட்டால்தான் வரும். குறைந்த வருமானமுள்ள வேலை வயதினருக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட்டோ யாரும் கேட்காமலே நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வாடகை நிற்கிறது.

## மே 2025: அப்போதைய நிலை

அவருடைய வருமானம் இரண்டு வழிகளில் வந்துகொண்டிருந்தது. முதலாவது யூனிவர்சல் கிரெடிட். அதில் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண்டு. உடல்நிலை காரணமாக வேலைக்கோ வேலைக்கான ஆயத்தங்களுக்கோ அனுப்பப்படாதவர்களுக்குரிய கூடுதல் தொகை 423.27 பவுண்டு. இவற்றுடன் வீட்டு வாடகைக்கான பகுதி. இரண்டாவது, எல்லோரும் "பிப்" என்று சொல்லும் இயலாமை உதவித்தொகை: அன்றாட வாழ்க்கைக்கு வாரம் 73.90 பவுண்டு, நடமாட்டத்துக்கு 29.20 பவுண்டு.

வாடகை மாதம் 1,250 பவுண்டு, ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி. தனியார் வாடகைக்கு அரசு தரும் உதவிக்குப் பகுதிவாரியாக ஓர் உச்சவரம்பு உண்டு, எல்.எச்.ஏ. என்பார்கள். அவருடைய வாடகை அதற்கு மேல் மாதம் நூறு பவுண்டுக்குச் சற்று அதிகம். அந்த வித்தியாசத்தைப் பிப் தொகையிலிருந்து கட்டிவந்தார். 2021இல் ஒருமுறை வாடகை பாக்கி விழுந்ததால், வீட்டுக்கான பகுதி அவர் கைக்கு வராமல் நேரே வீட்டு ஏஜென்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இது பின்னால் முக்கியமானது.

மகள் பத்து நிமிட நடை தூரத்தில், தன் இரண்டு பிள்ளைகளுடன் வேறு வீட்டில் இருக்கிறார். பகுதிநேர வேலை. தாயைப் பார்த்துக்கொள்வதற்காக மகளின் யூனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளர் தொகை மாதம் 201.68 பவுண்டு சேர்ந்து வந்தது.

இன்னொரு விஷயம் கேட்டபின்தான் வெளியே வந்தது. மருமகன் முறையான ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் சில மாதங்கள் அங்கே தங்கியவர், தன் வங்கிக் கடிதங்களையும் ஓட்டுநர் உரிமத்தையும் இன்னமும் அந்த முகவரியிலேயே வைத்திருந்தார். "பாவம், அவனுக்கு நிலையான இடமில்லை, கடிதம்தானே வருகிறது" என்றார் அம்மா. நம்மவர் வீடுகளில் இது மிகச் சாதாரணம்.

## ஜூன்: கவனித்தவை

நான்கு மாதத்துக்குள் நான்கு தனித்தனி விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. அரச ஓய்வூதியம், குறைந்த வருமானமுள்ள ஓய்வூதிய வயதினருக்கான பென்ஷன் கிரெடிட், கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிஃபிட் என்னும் வாடகை உதவி, கவுன்சில் வரிக் குறைப்பு. ஓய்வூதிய வயது வந்தபின் வாடகை உதவி யூனிவர்சல் கிரெடிட்டில் இல்லை. அது கவுன்சிலின் ஹவுசிங் பெனிஃபிட்டுக்குத் திரும்பிவிடுகிறது. ஓய்வூதியத்துக்கும் பென்ஷன் கிரெடிட்டுக்கும் 4 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஓய்வூதிய வயதினரின் ஹவுசிங் பெனிஃபிட்டுக்கு 17 வாரம் முன்பிருந்து. ஒன்றைக் கேட்டால் மற்றது தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பியிருக்கக்கூடாது.

விண்ணப்பம் போடுவது எளிய வேலை. அதைவிடக் கடினமானது, ஓய்வூதிய வயதின் விதிகளைக் கண்ணில் வைத்து இந்தக் குடும்பத்தை மறுபடி பார்ப்பது. நேற்று வரை யாருக்கும் நஷ்டமில்லாத ஓர் ஏற்பாடு, பிறந்தநாளன்று காலையில் நஷ்டமாக மாறலாம். இந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்தது.

ஓய்வூதியக் கணிப்பில் அவருக்கு வாரம் ஏறத்தாழ 190 பவுண்டு என்று வந்தது. முழுப் புதிய ஓய்வூதியம் 230.25 பவுண்டு, அதற்குப் பொதுவாக 35 ஆண்டு நேஷனல் இன்ஷுரன்ஸ் (அரசின் சமூகக் காப்புறுதி) பதிவு வேண்டும். பிள்ளை வளர்த்த ஆண்டுகளும் நோயில் இருந்த ஆண்டுகளும் அவருக்குக் கணக்கில் சேர்ந்திருந்தன. "நோயில் கிடந்த காலம் வீண்" என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியல்ல. ஆனால் ஊரில் வேலை செய்த ஆண்டுகள் சேரவில்லை. இலங்கையுடன் பிரிட்டனுக்கு அதற்கான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது.

பென்ஷன் கிரெடிட், தனி ஒருவரின் வார வருமானத்தை 227.10 பவுண்டு வரை உயர்த்தித் தரும். அப்படியானால் அவருக்குக் கிடைப்பது 37.10. ஆனால் கடும் இயலாமைக்கான கூடுதல் தொகை 82.90 பவுண்டு சேர்ந்தால் வரம்பு 310 ஆகிறது. கிடைப்பதும் 120 ஆகிறது. அந்தக் கூடுதலுக்கு மூன்று நிபந்தனைகள். பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி போன்ற ஓர் உதவித்தொகை இருக்க வேண்டும், அது இருந்தது. அவருடன் வேறு பெரியவர் வசிக்கக்கூடாது. வசிக்கவில்லை, ஆனால் காகிதத்தில் மருமகன் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக வேறு யாரும் பராமரிப்பாளர் உதவித்தொகையோ யூனிவர்சல் கிரெடிட்டின் பராமரிப்பாளர் தொகையோ பெறக்கூடாது. மகள் பெற்றுக்கொண்டிருந்தார்.

யூனிவர்சல் கிரெடிட்டில் இந்தக் கடும் இயலாமைக் கூடுதல் என்பதே இல்லை. அதனால் அதுவரை மகள் வாங்கிய 201.68 பவுண்டு தாயின் பணத்தில் ஒரு பென்னியைக்கூடக் குறைக்கவில்லை. பிறந்தநாளுக்குப் பிறகு அதே 201.68, தாய்க்கு மாதம் 359 பவுண்டு இழப்பாகும்.

## ஜூலை: எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மகளின் பராமரிப்பாளர் தொகை. கணக்கு ஒரு பக்கம் தெளிவாகத்தான் இருந்தது. இருவரையும் ஒரே வீடாக எண்ணினால் மாதம் சுமார் 157 பவுண்டு லாபம். ஆனால் அவர்கள் ஒரே வீடல்லர். லாபம் தாய்க்கு, நஷ்டம் மகளுக்கு. "அம்மா எப்படியும் எனக்குத் தருவார்" என்று மகளும், "நான் அவளுக்குக் கொடுத்துவிடுவேன்" என்று தாயும் சொன்னார்கள். அந்த வாக்கை நம்பி ஆலோசனை சொல்வது சரியில்லை என்பது என் நிலை. அந்தப் பணம் சட்டப்படி தாயினுடையது. நாளை மனத்தாங்கல் வரலாம், மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்கலாம்.

இதில் இருவரின் நலனும் எதிரெதிர் திசையில் இருந்ததால், மகளை வேறு ஓர் ஆலோசகரிடம் அனுப்பினோம். ஒரே மேசையில் உட்கார்ந்து இருவருக்கும் நானே வழி சொல்வது எளிதாக இருந்திருக்கும், முறையாக இருந்திருக்காது. மகளுக்கு இரண்டு அச்சங்கள். பராமரிப்பாளர் தொகை நின்றால் வேலை நேரத்தைக் கூட்டச் சொல்வார்களா என்பது ஒன்று. அந்த ஆலோசகர், தொகையைப் பெறாவிட்டாலும் பராமரிக்கும் பொறுப்பு அப்படியே தொடர்கிறது என்பதை யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கிலுள்ள ஜர்னலில் (செய்திப் பக்கத்தில்) பதிந்து, அதற்கு எழுத்தில் பதில் வரும்வரை எதையும் நிறுத்தவேண்டாம் என்றார். பதில் சாதகமாக வந்தது. இரண்டாவது அச்சம் படிவத்தில் அடங்காதது. "தொகை வேண்டாம் என்று எழுதினால், நான் அம்மாவைப் பார்க்கவில்லை என்று எழுதிக்கொடுத்த மாதிரி ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது. ஆனால் அந்தக் கேள்விக்கு விதிப்புத்தகத்திலிருந்து பதில் சொல்ல முடியவில்லை. தாய் பேசித்தான் அது தீர்ந்தது.

இறுதியில் மகள் தானாகவே தொகையை விட்டார். தாயின் பென்ஷன் கிரெடிட் தொடங்கும் முன்பே அது நிற்கும்படி தேதியைப் பார்த்துக்கொண்டோம்.

மருமகனின் கடிதங்கள். அவர் ஆகஸ்டுக்குள் உரிமம், வங்கி, வாக்காளர் பதிவு எல்லாவற்றிலும் தான் உண்மையில் வசிக்கும் முகவரியைப் பதிய வேண்டும் என்று அம்மா மூலமாகவே சொல்லச் செய்தோம். கொஞ்சம் முகம் கோணினார், ஆனால் செய்தார். அங்கே வசிக்காத ஒருவருக்காக ஒரு மூதாட்டியின் 82.90 பவுண்டு விசாரணையில் சிக்க வேண்டியதில்லை.

விடுபட்ட ஆண்டுகளை விலைக்கு வாங்குவது. இந்த யோசனை உறவினர் ஒருவருடையது. நேஷனல் இன்ஷுரன்ஸ் பதிவில் குறையும் ஆண்டுகளைத் தானாகப் பணம் கட்டி நிரப்பலாம். 2025-26 வீதத்தில் வாரம் 17.75 பவுண்டு, ஓர் ஆண்டுக்கு 923 பவுண்டு. கடனாகத் தருகிறேன் என்றார் அவர். நல்ல மனம். பொதுவாகப் பலருக்கு நல்ல யோசனையும்கூட. ஓர் ஆண்டு கூடினால் வாரம் ஆறரைப் பவுண்டு அளவுக்கு ஓய்வூதியம் உயரும். ஆனால் பென்ஷன் கிரெடிட் பெறுபவருக்கு, ஓய்வூதியம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவும் கிரெடிட்டில் குறையும். கையில் வருவது மாறாது, கடன் மட்டும் மிஞ்சும். மறுத்துவிட்டோம். இந்த ஆலோசனையை இன்று யாரும் யாருக்கும் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.

ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுவது. அதே வீட்டு வாசலில் வந்த இன்னொரு யோசனை. தள்ளிப்போட்டால் 9 வாரத்துக்கு 1 சதவீதம் வீதம் கூடும் என்பது உண்மை. ஆனால் பென்ஷன் கிரெடிட் பெறும் காலத்துக்கு அந்தக் கூட்டல் கிடையாது. வாங்காத ஓய்வூதியத்தை வாங்குவதாகவே வைத்து கிரெடிட்டைக் கணக்கிடுவார்கள். இதையும் விட்டோம்.

ஊர்க் காணி. கேட்கச் சங்கடமான கேள்வி, ஆனால் கேட்டே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் பிரிக்கப்படாத குடும்ப வீட்டில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அதில் வயதான அண்ணன் வசிக்கிறார். ஓய்வூதிய வயதை எட்டிய நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் சேராது. ஆனால் சேராது என்று நாமே தீர்மானித்து மறைப்பது வேறு, எழுதிக்கொடுத்து அவர்களைத் தீர்மானிக்கவிடுவது வேறு. விவரத்தை அப்படியே படிவத்தில் எழுதினோம்.

வாடகை யார் கைக்கு? யூனிவர்சல் கிரெடிட் நேரே ஏஜென்டுக்குக் கட்டிவந்த ஏற்பாடு ஹவுசிங் பெனிஃபிட்டுக்குத் தானாக மாறிவராது. தனியார் வாடகையில் கவுன்சில் பொதுவாகக் குடியிருப்பவருக்கே பணம் தரும். அம்மாவின் ஞாபகக் குறையைக் காட்டும் மருத்துவக் கடிதத்துடன், நேரே வீட்டுக்காரர் தரப்புக்குக் கட்டும்படி கேட்டோம். அவருடைய தன்மானத்தைக் குறைக்குமோ என்று யோசித்தேன். அவரே, "என் கையில் வந்தால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்விடும் தம்பி, நேராகவே போகட்டும்" என்றார்.

## ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை: நடந்தது

ஓய்வூதிய அழைப்புக் கடிதம் ஜூலையில் வந்துவிட்டது. அரச ஓய்வூதியத்துக்கும் பென்ஷன் கிரெடிட்டுக்கும் உடனே விண்ணப்பித்தோம். ஹவுசிங் பெனிஃபிட்டையும் கவுன்சில் வரிக் குறைப்பையும் ஆகஸ்டில் கவுன்சிலின் இணையப் படிவம் மூலம் கேட்டோம்.

யூனிவர்சல் கிரெடிட் பிறந்தநாளோடு அறுந்துவிடாது. ஓய்வூதிய வயதை எட்டும் அந்தக் கணக்கு மாதம் முடியும்வரை தொடரும். அவருடைய கணக்கு மாதம் 8ஆம் தேதி தொடங்கி 7ஆம் தேதி முடிவது. ஆகவே அக்டோபர் 7 வரை. கடைசிப் பணம் அக்டோபர் நடுவில். வாடகை உதவியும் அதிலேயே கடைசியாக வந்தது. நவம்பர் 1ஆம் தேதி வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட் வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. பென்ஷன் கிரெடிட் முடிவாகாததால் கணக்கிட முடியவில்லை என்பது கவுன்சில் தரப்புப் பதில். இங்கே ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. தனியார் வாடகையில் இருப்பவர் தன்னிடம் கேட்ட விவரங்களையெல்லாம் கொடுத்துவிட்டார், ஆனால் 14 நாளுக்குள் முடிவெடுக்க இயலவில்லை என்றால், கவுன்சில் ஓர் உத்தேசத் தொகையை முன்பணமாகக் கொடுக்க வேண்டும். அது சலுகையல்ல, கடமை. அந்த விதியைச் சுட்டி, கொடுத்த ஆவணங்களின் பட்டியலையும் தேதிகளையும் இணைத்து எழுதினோம். தொலைபேசியில் பேசவில்லை, எழுத்தில் மட்டும். முன்பணம் நவம்பர் முதல் வாரத்தில் வந்தது.

வாடகைக்குச் சில நாள் தாமதம்தான். ஆனாலும் ஏஜென்டிடமிருந்து பாக்கி அறிவிப்பு வந்துவிட்டது. பணம் கட்டும் அலுவலகம் மாறுகிறது, முதல் மாதம் தாமதமாகலாம் என்று செப்டம்பரிலேயே அவர்களுக்குக் கடிதம் கொடுத்திருந்தோம். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என்றாலும் அந்தக் கடிதத்தின் நகல் கையில் இருந்ததால் பேச்சு இரண்டு மின்னஞ்சலில் முடிந்தது. அந்தச் சமயத்தில் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் 21ஆம் பிரிவு நடைமுறையில் இருந்தது என்பதை நினைவில் வைத்தால், அந்த நகலின் மதிப்பு புரியும்.

அரச ஓய்வூதியத்தின் முதல் தொகை அக்டோபர் கடைசியில் வந்தது. வயதை எட்டிய 5 வாரத்துக்குள் வரவேண்டியது, வந்தது. அதன்பின் 4 வாரத்துக்கு ஒருமுறை. எந்தக் கிழமை என்பதை நேஷனல் இன்ஷுரன்ஸ் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தீர்மானிக்கின்றன. பென்ஷன் கிரெடிட் நவம்பர் நடுவில், கடும் இயலாமைக் கூடுதலுடன், நிலுவையும் சேர்ந்து முடிவானது. இந்தக் கிரெடிட்டில் வருமானத்தை வரம்புவரை உயர்த்தும் உத்தரவாதப் பகுதி கிடைத்ததும் ஹவுசிங் பெனிஃபிட் எல்.எச்.ஏ. வரம்புவரை முழுதாகவும், கவுன்சில் வரிக் குறைப்பு முழுதாகவும் வந்தன. மே மாதம் அவரை எங்களிடம் கொண்டுவந்த அந்த வரிக் கடிதம், வேலை வயதினருக்கான கவுன்சிலின் சொந்தத் திட்டத்தில் அவர் கட்டவேண்டிய பங்கைக் கேட்டுத்தான் வந்திருந்தது. ஓய்வூதிய வயதினருக்கு இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி.

ஒரு கசப்பு மட்டும். 2025-26 குளிர்கால எரிபொருள் தொகை 1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான். அவர் சில நாள் பிந்திப் பிறந்தவர். "பிறக்கும்போதே அவசரமில்லாதவள்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

## விளைவு

கையில் வருவது கூடியிருக்கிறது. வாடகைப் பகுதியையும் பிப்பையும் விட்டுவிட்டுப் பார்த்தால், முன்பு மாதம் 823.41 பவுண்டு; ஓய்வூதிய வயதுக்குப் பின் 2025-26இல் வாரம் 310, மாதக் கணக்கில் ஏறத்தாழ 1,343. பிப் அப்படியே தொடர்கிறது. ஓய்வூதிய வயதுக்கு முன்பே பெற்றிருந்தால் பிப் தொடரும்; அந்த வயதுக்குப் பின் புதிதாகக் கேட்பவருக்கு நடமாட்டப் பகுதியே இல்லாத வேறொரு தொகைதான். அவருடைய பிப் மறுபரிசீலனைப் படிவம் எப்போது வந்தாலும் அதை அலட்சியப்படுத்தக்கூடாது என்று மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறோம். பிப் விழுந்தால் 82.90உம் சேர்ந்து விழும்.

பணம் கூடியபோதும் முதல் மாதங்களில் அவர் திணறினார். வாடகை ஆண்டுக்கு 12 முறை. ஓய்வூதியமும் ஹவுசிங் பெனிஃபிட்டும் 4 வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கு 13 முறை. ஒவ்வொரு முறையும் வருவது மாத வாடகைக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பதின்மூன்றாவது தொகை வரும்போதுதான் கணக்கு நேராகும். ஏஜென்டின் கணினிக்கு இது பாக்கியாகத் தெரியும். ஆகவே நிலுவையாக வந்த பென்ஷன் கிரெடிட் பணத்திலிருந்து ஒரு பகுதியை வாடகைக் கணக்கில் முன்கூட்டியே கட்டிவைத்தார். நிலுவைப் பணத்தைப் பற்றி நான் கொடுத்த ஆலோசனைகளில் அவர் உடனே ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மற்றதில் ஒரு பங்கு பேத்தியின் காதில் தோடாக இருக்கிறது.

மகளுக்கும் தாய்க்கும் இடையே பணம் எப்படிப் போய்வருகிறது என்று நான் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்தே நிலையத்துக்கு வருகிறார்கள்.

இன்னொரு பேச்சு டிசம்பரில் எழுந்தது. பென்ஷன் வந்துவிட்டதால் ஊரில் போய் மூன்று மாதம் இருக்கலாம் என்ற ஆசை. அரச ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் வரும். ஆனால் பென்ஷன் கிரெடிட்டும் ஹவுசிங் பெனிஃபிட்டும் பொதுவாக 4 வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் நின்றுவிடும்; நெருங்கியவர் மரணம், மருத்துவச் சிகிச்சை போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. பயணத்தை நான்கு வாரத்துக்குள் சுருக்கினார். நிரந்தரமாக இலங்கைக்குப் போய்விடுபவர்களுக்கு ஆண்டுதோறும் ஓய்வூதிய உயர்வும் கிடைக்காது, போன நாளில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும் என்பதையும் அவருக்குச் சொன்னேன். "போய் இருக்கப் போவதில்லை, பார்த்துவிட்டு வரப்போகிறேன்" என்றார், சற்றுக் கோபமாகவே.

## இதன்பின் மாறியவை

எங்கள் நிலையத்தில் 65 வயதைத் தொட்ட யார் எதற்காக வந்தாலும் இப்போது சில கேள்விகளைக் கேட்கிறோம். உங்களைப் பார்த்துக்கொள்வதற்காக யாராவது பணம் பெறுகிறார்களா? உங்கள் முகவரியில் வேறு யாருடைய கடிதம் வருகிறது? வாடகை யார் கையால் போகிறது? ஓய்வூதியக் கணிப்பைப் பார்த்தீர்களா? கடைசிக் கேள்விக்கு முழு ஓய்வூதியம் வரும் என்று பதில் வந்தால் முதல் கேள்வி இன்னும் முக்கியமாகிறது. 2025-26இல் 230.25 பவுண்டு முழு ஓய்வூதியம், 227.10 என்ற வரம்பை 3.15 பவுண்டு தாண்டியது. அவருக்குக் கடும் இயலாமைக் கூடுதல் இருந்தால் பென்ஷன் கிரெடிட் உண்டு. இல்லாவிட்டால் கிரெடிட்டும் இல்லை, அதைச் சார்ந்து வரும் முழு வாடகை உதவியும் வரிக் குறைப்பும் உறுதியில்லை.

பிறந்த தேதியையும் இப்போது சரியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1960 ஏப்ரல் 6 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்கு ஓய்வூதிய வயது 66இலிருந்து மாதம் மாதமாக 67ஐ நோக்கி ஏறுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 66இல் வந்தது என்பது இனி கணக்காகாது. விண்ணப்பிக்கத் தொடங்கக்கூடிய அந்த நான்கு மாதம் எப்போது வரும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஹவுசிங் பெனிஃபிட் விண்ணப்பத்தோடு முன்பண விதியைக் குறிப்பிடும் கடிதத்தையும் முதலிலேயே தயாராக எழுதிவைக்கிறோம். 15ஆம் நாள் அனுப்பினால் போதும்.

தீராதது ஒன்று இருக்கிறது. வாடகைக்கும் எல்.எச்.ஏ. வரம்புக்கும் இடையிலான வித்தியாசம் ஓய்வூதிய வயதால் மாறவில்லை. ஹவுசிங் பெனிஃபிட்டிலும் அதே வரம்புதான். அந்த வரம்பு 2024 ஏப்ரலில் உயர்ந்த இடத்திலேயே நிற்கிறது. வாடகை நிற்கவில்லை, 2026 ஏப்ரலிலிருந்து மாதம் 50 பவுண்டு கூட்டுவதாகக் கடிதம் வந்திருக்கிறது. கவுன்சிலின் விருப்புரிமை வீட்டு உதவி சில மாதங்களுக்கு மட்டும் கிடைத்தது. முதியோருக்கான பாதுகாப்புக் குடியிருப்புப் பட்டியலில் அவர் பெயரைப் பதிந்திருக்கிறோம். மருத்துவப் படிவம் மதிப்பீட்டில் இருக்கிறது. மகள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்துக்குள் வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை, அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் இரண்டுதான். அதுவரை வித்தியாசத்தைப் பிப் தொகையிலிருந்தே கட்டுகிறார்.